இழுக்காத கண்ணு: காகிதப் பேட்டர்னின் 160 வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு சத்தத்துல இருந்து தொடங்குது. 'டப்'. அவ்வளவுதான். ஒரு நூல் அறுந்த சத்தம்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பூர்ல எங்க வீட்டு ஹால்ல, நானே தைச்ச டிரெஸ்ஸைத் தலை வழியா மாட்டிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னேன். முட்டி வரைக்கும் வர்ற, டி-ஷர்ட் துணியில் தைச்ச சாதாரண டிரெஸ். இணையத்தில் காசு கொடுத்து வாங்கிய பேட்டர்ன். இரண்டு வார இறுதிகள் போயிருந்தன. கையை மேலே தூக்கினேன். டப். அக்குளில் தொடங்கி இடுப்பு வரை தையல் சரசரன்னு பிரிஞ்சு போச்சு. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. நூல் மட்டும் அறுந்திருந்தது.

பின்னால் இருந்து சிரிப்புச் சத்தம். அம்மா.

அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இந்தக் கதை புரியாது. அம்மா 22 வருஷம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். டி-ஷர்ட்டோட இரண்டு பக்கமும் அக்குளுக்குக் கீழே ஒரு தையல் இருக்கே, அதுதான் அவங்க வேலை. 'சைடு அடிக்கிறது' என்பார்கள். பீஸ் ரேட்டு. நல்ல நாளில் ஒரு ஷிப்டுக்கு நானூறு பீஸ் தாண்டுவேன்னு சொல்லுவாங்க. நானூறு டி-ஷர்ட்டு, எண்ணூறு சைடு. இதை 22 வருஷத்தால் பெருக்கிப் பாருங்க. நான் பெருக்கிப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த அம்மாதான் அன்றைக்குச் சிரிப்பு அடங்கினதும் சொன்னாங்க: "நீயாவது முழுசா ஒண்ணு தைச்சுட்ட கண்ணு. நான் என்ற கையால ஒரு துணிய முழுசாத் தைச்சதே இல்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. எப்படி இல்லாமல் போகும்? அப்புறம் யோசித்தால், உண்மைதான். கம்பெனியில் துணியை வெட்டுவது கட்டிங் மாஸ்டர். தோள்பட்டை சேர்ப்பது ஒருத்தர், கை வைப்பது ஒருத்தர், கழுத்தும் கீழ்மடிப்பும் பேட்லாக்காரர்கள், பட்டன் பட்டி 'சிங்கர்' மிஷின்காரர்கள். கைமடி, செக்கிங், அயர்னிங் எல்லாம் தனி ஆட்கள். அம்மாவின் மடிக்கு வரும்போது துணி ஏற்கெனவே பாதி உடையாக இருக்கும். அவங்க கையை விட்டுப் போகும்போதும் முழு உடையாக இருக்காது.

நான் மட்டும் எப்படி ஒரு முழு டிரெஸ்ஸைத் தைக்கத் துணிந்தேன்? எனக்குத் தையல் தெரியாது. என் கையில் இருந்தது 36 ஏ4 தாள்கள். அதில் கோடுகள், அம்புக்குறிகள், எண்கள். ஒரு தையல் கடைக்காரரின் தலைக்குள் இருக்கிற விஷயம் காகிதமாக மாறி என் வீட்டுக்கு வந்திருந்தது. அது எப்படி வந்தது என்பதுதான் இன்றைய கதை.

முதலில் நம்ம ஊரில் இருந்து ஒரு விஷயம். பிளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது நாம என்ன செய்வோம்? அளவு ஜாக்கெட் கொடுப்போம். ஏற்கெனவே சரியாக இருக்கிற ஒரு ஜாக்கெட்டைக் கொடுத்து, "இதே மாதிரி, கை மட்டும் ஒரு இஞ்ச் இறக்கி" என்போம். டெய்லர் அதை மடித்துப் போட்டு, சாக்பீஸால் துணி மேலேயே நேரடியாகக் கோடு போட்டு வெட்டிவிடுவார். காகிதமே கிடையாது. அளவு ஜாக்கெட்தான் நம்ம பேட்டர்ன். அதில் ஒரு சிக்கல்: அதை வைத்து வெட்டத் தெரிந்தவர் டெய்லர் மட்டும்தான். ஜாக்கெட் நம்மிடம் இருக்கும், வித்தை அவரிடம் இருக்கும்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். 'கோடீஸ் லேடீஸ் புக்' மாதிரியான பெண்கள் பத்திரிகைகள் உடைகளின் வரைபடங்களை அச்சிட்டன. ஆனால் உள்ளங்கை அளவுக்குச் சின்னப் படம், ஒரே ஓர் அளவு. அதை வீட்டிலேயே பெரிதாக வரைந்து, தன் உடம்புக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ள வேண்டும். கணக்குப் பரீட்சை மாதிரி. மேடம் டெமொரஸ்ட் என்று அறியப்பட்ட எல்லன் டெமொரஸ்ட் முழு அளவுக் காகிதப் பேட்டர்ன்களை விற்றார். அதுவும் ஒரே அளவில்தான்.

இங்கே ஒரு தையல்காரர் வருகிறார். பெயர் எபினேசர் பட்டரிக். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற சின்ன ஊர். அவர் மனைவி எல்லன், மகனுக்கு உடை தைக்க உட்கார்ந்தபோது, "பையன் அளவுக்கே ஒரு பேட்டர்ன் இருந்தால் எவ்வளவு வசதி" என்று கேட்டதாகக் குடும்பக் கதை. இந்த மாதிரிக் கதைகளை நான் பாதிதான் நம்புவேன். ஆனால் கதையில் மனைவிதான் கேள்வி கேட்கிறார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. 1863ல் பட்டரிக் குடும்பம் பேட்டர்ன் விற்கத் தொடங்கியது. புதுசு என்னவென்றால், ஒரே உடை பல அளவுகளில். உடம்பு பெரிதானால் தோள் எவ்வளவு கூடும், இடுப்பு எவ்வளவு கூடும் என்று தையல்காரர் மனக்கணக்காகச் செய்ததை அவர் முன்கூட்டியே செய்து, காகிதத்தில் வெட்டிக் கொடுத்துவிட்டார். இதுக்கு இன்னைக்கும் 'கிரேடிங்'னுதான் பேர். திருப்பூர்ல எந்த சாம்ப்ளிங் டிபார்ட்மெண்ட்ல போய்க் கேட்டாலும் இதே வார்த்தையைச் சொல்லுவாங்க.

முதலில் ஆண்கள், சிறுவர்களுக்கான உடைகள். சில வருஷங்களில் பெண்கள் உடை. கெட்டிக் காகிதத்தை மடித்துத் தபாலில் அனுப்புவது கஷ்டம், அதனால் மெல்லிய டிஷ்யூ காகிதத்துக்கு மாறினார்கள். நிறுவனம் நியூயார்க்குக்குப் போனது. 1873ல் 'டெலினியேட்டர்' என்ற பத்திரிகை. பேட்டர்ன் விற்பதற்காகவே ஒரு பத்திரிகை. இன்ஃப்ளூயன்சர் மார்க்கெட்டிங் புதுசுன்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க.

அந்தக் காலப் பேட்டர்னைக் கையில் எடுத்தால் நாம் திணறிவிடுவோம். அதில் ஓர் எழுத்துக்கூட இருக்காது. வெறும் டிஷ்யூ காகிதம், அங்கங்கே ஓட்டைகள். சின்ன ஓட்டை என்றால் ஒன்று, பெரிய ஓட்டை என்றால் ஒன்று, ஓரத்தில் சின்ன வெட்டு இருந்தால் இன்னொன்று. எது முன்பக்கம், எது கை, எங்கே மடிப்பு, எல்லாம் ஓட்டைகளைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். விவரமான செய்முறைத் தாளெல்லாம் முதல் உலகப்போர்க் காலத்தையொட்டித்தான் வந்தது. பட்டரிக் நிறுவனம் அதற்கு வைத்த பெயர் 'டெல்டர்'. ஏதோ கிரேக்க வார்த்தை மாதிரித் தெரியும். ஆங்கிலத்தில் 'டெலினியேட்டர்' என்று எழுதி, முதல் மூன்று எழுத்தையும் கடைசி மூன்று எழுத்தையும் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 1920 வாக்கில் போட்டி நிறுவனமான மெக்கால், காகிதத்தின் மேலேயே கோடுகளையும் விளக்கங்களையும் அச்சடிக்கத் தொடங்கியது. 1927ல் சிம்ப்ளிசிட்டி வந்தது, ஒரு பேட்டர்ன் 15 சென்ட். ஜெர்மனியில் ஓஃபன்பர்க் நகரில் ஆனே புர்டா 1950ல் ஒரு பத்திரிகை தொடங்கி, 1952ல் அதோடு பேட்டர்ன் தாளையும் இணைத்தார். ஒரே தாளில் இருபது உடைகளின் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக. பார்த்தால் ரயில்வே மேப் மாதிரி இருக்கும். நமக்கு வேண்டிய கோட்டை மட்டும் தேடிப் பிடித்து நகலெடுக்க வேண்டும்.

என்னுடைய 36 தாள்களும் இந்தக் குடும்பத்தின் கொள்ளுப்பேத்திதான். பிடிஎஃப் ஆக வந்தது. அதன் முதல் பக்கத்தில் ஒரு சதுரம் இருந்தது. அச்செடுத்த பிறகு அதை அளந்து பாருங்கள், சரியாக 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் அளக்கவில்லை. பிரின்டர் தன் இஷ்டத்துக்குப் பக்கத்தில் அடங்குகிற மாதிரிச் சுருக்கிவிட்டது. பிறகு அளந்தபோது 9.6. உடை முழுக்க நூற்றுக்கு நாலு சின்னதாகிவிட்டது. அந்த 'டப்'புக்கு இதுவும் ஒரு காரணம்.

அளவு என்றதும் இன்னொரு கதையைச் சொல்லாமல் போக முடியாது. கடையில் நான் எம் வாங்குவேன். பேட்டர்னில் என் அளவைப் பார்த்தால் 16 என்று வந்தது. கொஞ்ச நேரம் வருத்தமாக இருந்தது, மறைக்க மாட்டேன். அப்புறம் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடினேன்.

1939-40ல் அமெரிக்க விவசாயத் துறை ஒரு பெரிய வேலையைச் செய்தது. ஆமாம், விவசாயத் துறைதான். வீட்டுப் பொருளாதாரம் அவர்களிடம் இருந்தது. ரூத் ஓ'பிரையன் தலைமையில் பல மாநிலங்களில் பெண்களை அளந்தார்கள். ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள். கிட்டத்தட்ட 15,000 பெண்களின் அளவுகளை வைத்து 1941ல் அறிக்கை வந்தது. அதில் ஒரு விஷயம்: வெள்ளையர் அல்லாத பெண்கள் சிலரையும் அளந்திருந்தார்கள், ஆனால் கணக்குப் போடும்போது அவர்களை விட்டுவிட்டார்கள். 1958ல் அமெரிக்க அரசு வெளியிட்ட பெண்கள் உடை அளவுத் தரத்துக்கு இந்த அறிக்கைதான் அடிப்படை. 1960களின் கடைசியில் பேட்டர்ன் நிறுவனங்கள் தங்கள் அளவுகளை ரெடிமேட் உடைகளின் அளவுக்கு நெருக்கமாக மாற்றின. அதற்குப் பிறகு ரெடிமேட் கடைகள், வாங்குபவர் மனசு குளிர வேண்டும் என்று எண்களைக் குறைத்துக்கொண்டே போயின. பெரிய பேட்டர்ன் நிறுவனங்களோ நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. நான் வாங்கின பேட்டர்னும் அந்தப் பழைய எண் வரிசையில்தான் வந்திருந்தது. ஆக, அந்த 16 என்னைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. அளக்கப்படாத ஓர் உடம்பை யாரோ போட்ட கட்டத்துக்குள் வைத்துப் பார்த்தால் வருகிற எண், அவ்வளவுதான். என் தோள்பட்டை அந்தப் பேட்டர்ன் நினைத்ததைவிடக் குறுகல். அதைக் கண்டுபிடித்தது நானில்லை, அம்மா. அதுக்கு வர்றேன்.

இப்போ துணி. இதுதான் கதையின் நடு.

நெய்த துணி பாய் மாதிரி. நெடுக்கே ஒரு இழை, குறுக்கே ஒரு இழை, இரண்டும் மாறி மாறி. இழுத்தால் வராது. பின்னல் துணி அப்படியில்லை. ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைந்து நிற்கும். இழுத்தால் கண்ணிகள் அகலும், விட்டால் திரும்பி வரும். இதை இயந்திரத்தில் செய்வது ரொம்பப் பழைய விஷயம். இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டத்தைக் கண்டுபிடித்தது 1589ல். தையல் மிஷினுக்கு இரண்டரை நூற்றாண்டு முன்னாடி! ஆனால் ரொம்ப காலத்துக்குப் பின்னல் துணி என்றால் காலுறையும் உள்ளாடையும்தான். நம்ம ஊர்லயும் 'பனியன் துணி'ன்னு சொல்றோம் பாருங்க, அந்தப் பேர்லயே இருக்கு. ரோடியே என்ற துணி உற்பத்தியாளரிடம் இருந்து ஜெர்சி துணியை வாங்கி கோகோ ஷனெல் பெண்களுக்கு வெளி உடை தைத்தது முதல் உலகப்போர்க் காலத்தில். உள்ளாடைத் துணியை வெளியே போடுவதா என்று அன்றைக்கு அது ஒரு துணிச்சல்.

வீட்டில் தைப்பவர்களுக்கு ஏன் இந்தத் துணி கைக்கு எட்டவில்லை? வீட்டு மிஷினின் தையல்தான் காரணம். மேல் நூலும் கீழே பாபின் நூலும் துணிக்கு நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். 1851ல் ஐசக் சிங்கர் காப்புரிமை வாங்கிய மிஷினிலும் இதே தையல், எங்க வீட்டுக் கறுப்பு மிதி மிஷினிலும் இதே தையல். நேர்க்கோடு. உறுதியான தையல், ஆனால் நீளாது. துணி நீளும், நூல் நீளாது. அப்போ என்ன ஆகும்? டப்.

தொழிற்சாலைக்கு இதற்கு வேறு விடை இருந்தது. ஓவர்லாக். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மெரோ குடும்பத்தின் பின்னலாடை ஆலையில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவான மிஷின். மூன்று, நான்கு நூல்கள் துணியின் ஓரத்தை வளைத்து வளைத்துப் பின்னிக்கொண்டே போகும், கூடவே ஒரு கத்தி பிசிறை வெட்டிக்கொண்டே வரும். தையலே ஒரு பின்னல் மாதிரி இருப்பதால் துணியோடு சேர்ந்து நீளும். வீட்டில் வைக்கிற அளவுக்குச் சின்ன ஓவர்லாக் ஜப்பானில் இருந்து வந்தது 1960களில்தான். அது அமெரிக்க வீடுகளுக்குள் சாதாரணமாக நுழைய இன்னும் காலம் பிடித்தது.

இந்த இடைவெளியில்தான் ஆன் பெர்சன் வருகிறார். நான் இந்த எபிசோடைச் செய்வதற்குக் காரணமே இவர்தான். அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் ஓரிகன் மாநிலம். அங்கே 1960களில் இந்தப் பெண்மணி மற்றப் பெண்களுக்குப் பின்னல் துணியைத் தைக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். ஓவர்லாக் இல்லாமல், வீட்டில் இருக்கிற சாதாரண மிஷினிலேயே. அவருடைய முறை அவர் கம்பெனியின் பெயரிலேயே இருக்கிறது: 'ஸ்ட்ரெச் அண்டு சோ'. இழு, தை. தைக்கும்போது துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இழுபட்ட துணியின் மேல் தையல் விழும். விட்டதும் துணி சுருங்கும், தையலும் அதோடு சுருங்கித் தளர்வாக உட்காரும். பிறகு உடுத்தி இழுக்கும்போது கொடுக்க நூலிடம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பருத்தி நூலுக்குப் பதில் பாலியஸ்டர் நூல், ஏனென்றால் அது கொஞ்சம் நீளும். இவ்வளவுதான் வித்தை. ஒரு காப்புரிமையும் தேவையில்லாத, கையில் மட்டும் இருக்கிற வித்தை.

யூஜின் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு அது பெரிய வியாபாரமானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் கிளைக் கடைகள். துணி, பேட்டர்ன், வகுப்பு மூன்றும் ஒரே கூரையின் கீழ். ஸ்வீடனில் பிறந்த கெர்ஸ்டின் மார்டென்சன் 1967ல் மினியாபொலிஸில் தொடங்கிய 'க்விக் சோ'வும் பின்னல் துணிப் பேட்டர்ன்களுக்குப் பேர் போனது. பெரிய நிறுவனங்களும் விழித்துக்கொண்டன. உறையின் பின்பக்கம் ஒரு சின்ன அளவுகோலை அச்சடித்தார்கள். துணியை மடித்து இங்கே இருந்து பிடி, இந்தக் கோடு வரை இழு, சுலபமாக வந்தால் இந்த உடைக்கு இந்தத் துணி சரி. பின்னல் துணிக்கான பேட்டர்ன் உடம்பைவிடச் சின்னதாகவே வரையப்பட்டிருக்கலாம். மிச்சத்தை இழுவை பார்த்துக்கொள்ளும். அதனால்தான் இந்த அளவுகோல். இது இல்லாவிட்டால் மொத்தக் கணக்கும் தப்பு.

1974ல் டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க் என்ற டிசைனர் ஜெர்சித் துணியில், முன்பக்கம் சுற்றிக் கட்டுகிற 'ராப் டிரெஸ்' கொண்டுவந்தார். ஜிப் இல்லை, பட்டன் இல்லை. ஆபீஸ் போகிற பெண்களிடம் தீயாகப் பரவியது. 1976ல் அவர் நியூஸ்வீக் அட்டைப்படத்துக்கே வந்துவிட்டார். வோக் பேட்டர்ன்ஸ் அதே உடையை வீட்டில் தைக்கும் பேட்டர்னாக வெளியிட்டது, எண் 1549. டிசைனர் உடையை வாங்க முடியாதவர், துணி வாங்கித் தானே தைத்துக்கொண்டு திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகலாம். பழைய உடைப் பேட்டர்ன் சேகரிப்பவர்கள் இன்னமும் அந்த 1549ஐத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, எங்க வீட்டு ஹாலுக்குத் திரும்புவோம். பிரிஞ்சு போன டிரெஸ், சிரிச்சு முடிச்ச அம்மா, ஆன் பெர்சனின் முறையை அப்போதுதான் படித்துவிட்டு வந்த நான்.

"அம்மா, துணிய இழுத்துப் பிடிச்சுத் தைக்கணுமாம்."

"யாரு சொன்னா? இழுக்காத கண்ணு. இழுத்தா அலை அலையா நிக்கும். டேமேஜ்னு தூக்கிப் போட்டுருவாங்க."

சண்டையே வந்துவிட்டது. 22 வருஷம் அம்மாவுக்கு அவங்க சூப்பர்வைசர் சொன்ன ஒரே விஷயம் அது: இழுக்காதே. ஓவர்லாக்கில் துணியை இழுத்தால் ஓரம் நீண்டு, பீடா சுருட்டின மாதிரி அலையடிக்கும். துணியைப் பல் தானாக எடுத்துக்கொண்டு போக வேண்டும், கை வழிகாட்டினால் போதும். நான் சொல்றதுதான் சரின்னு போன்ல எடுத்துக் காட்டினேன். அவங்க போனைப் பார்க்காம மிஷினைப் பார்த்தாங்க. ஒரு துண்டுத் துணியை எடுத்து, தன் முறைப்படி இழுக்காமல் ஒரு நேர்த்தையல் போட்டு, இரண்டு கையாலும் இழுத்தாங்க. டப். அடுத்து என் முறைப்படி போடச் சொன்னேன். அவங்க கை இழுக்க மறுத்தது. பொய் சொல்லவில்லை, விரல் துணியின் மேல் தட்டையாக விரிந்து அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் கை கற்றுக்கொண்டதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மறக்க முடியுமா? மூன்றாவது முயற்சியில் லேசாக இழுத்தாங்க. தைத்து முடித்து, விட்டதும் துணி சுருங்கியது. இழுத்துப் பார்த்தாங்க. நூல் அறுகவில்லை.

"அட," என்றாங்க. அப்புறம் கொஞ்சம் நேரம் பேசவில்லை.

இரண்டு பேர் சொன்னதும் சரி. மிஷின்தான் வேறு.

அதற்குப் பிறகு அம்மா வேலையைக் கையில் எடுத்துக்கொண்டாங்க. நான் என் துணியை காதர்பேட்டையில் வாங்கியிருந்தேன். ஸ்டேஷன் பக்கத்தில், ஏற்றுமதியில் மிஞ்சியதெல்லாம் கிடைக்கிற சந்தை. பின்னல் துணியை மீட்டரில் கொடுப்பதில்லை, கிலோவில்தான். நான் வாங்கியது 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 180 கிராம். ஒன்றரை மீட்டர் அகலத்தில் இரண்டு மீட்டர் வேண்டுமென்றால் அரைக் கிலோவுக்கு மேலே கொஞ்சம். நல்லவேளை, ஒன்றரைக் கிலோ வாங்கியிருந்தேன். "அலசினயா?" என்று கேட்டாங்க. இல்லை. "தண்ணில போட்டு எடு. காட்டன் இறங்கும். காஞ்சதும் உடனே வெட்டாத, ராத்திரி முழுக்க விரிச்சுக் கிடக்கட்டும். உருளையில சுத்தி வெச்ச துணி இழுபட்டிருக்கும், அது தன்னால ஓயணும்." பேட்டர்னின் செய்முறைத் தாளில் முதல் வரியே துணியை அலசச் சொல்லியிருந்தது. நான் அதையும் படிக்காமல் தாண்டியிருந்தேன். ஓயவைப்பது தாளில் இல்லை.

ஊசியைக் கழற்றிப் பார்த்தாங்க. கூர் ஊசி. "இது நூலக் குத்திக் கிழிக்கும். ஒரு தடவ துவைச்சா நீடில் ஹோல் வரிசையா வரும்." முனை உருண்டையான ஊசி நூலைக் கிழிக்காமல் கண்ணிகளுக்கு நடுவில் ஒதுங்கிப் போகும். அடுத்த நாள் வாங்கி வந்தேன். காகிதத்தில் நீளமாக ஒரு அம்புக்குறி இருந்தது, எதற்கென்று எனக்குத் தெரியாது. அம்மா துணியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், கண்ணிகள் நெடுக்காக ஏறும் வரியை விரலால் தடவிக் காட்டினாங்க. "இந்த வரியும் அம்பும் ஒண்ணாப் போகணும். இல்லாட்டி துவைச்சதும் சைடு முன்னாடி முறுக்கிட்டு வந்துரும். அப்புறம் எங்க மேல பழி போடுவாங்க, வெட்டுனவன விட்டுருவாங்க."

இந்த 'வெட்டுனவன்'தான் விஷயம். துணியின் மேல் காகிதத்தை வைத்துக் குண்டூசி குத்தினதும் கத்தரியை அவங்க பக்கம் நீட்டினேன். கையைப் பின்னால் எடுத்துக்கொண்டாங்க. "நீ வெட்டு." ஏன்? "அது மாஸ்டர் வேல."

பட்டரிக் காலத்துப் பேட்டர்ன் விளம்பரங்கள் வீட்டுப் பெண்களிடம் சொன்னது, வெட்டும் வித்தை இனி உங்கள் கையில் என்று. அது வியாபாரப் பேச்சுதான். ஆனால் காகிதம் ஒரு வேலையைச் செய்தது: வெட்டத் தெரிந்தவரின் கணக்கு, வெட்டத் தெரியாதவரின் மேசைக்கு வந்தது. தொழிற்சாலையிலும் அதே காகிதம் இருக்கிறது. அட்டையாக, இப்போது கம்ப்யூட்டர் கோப்பாக. ஆனால் அது கட்டிங் மேசையோடு நின்றுவிடும். அங்கிருந்து கீழே இறங்குவது துண்டுகள்தான். திருப்பூர் பனியனில் இருந்து ஏற்றுமதி டி-ஷர்ட்டுக்கு மாறத் தொடங்கியது 1970களின் கடைசியில். அமெரிக்காவில் வீட்டில் தைக்கும் பழக்கம் சரியத் தொடங்கியதும் கிட்டத்தட்ட அதே காலம். பெண்கள் வேலைக்குப் போனார்கள், நேரம் குறைந்தது, வெளிநாட்டில் இருந்து வந்த உடை துணியைவிட மலிவானது. எங்க அம்மா அடித்த சைடுதான் அந்த அமெரிக்கப் பெண்ணின் மிஷினை மூடி வைத்தது என்று சொன்னால் அது சினிமா வசனம், நான் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கில் அம்மாவும் உண்டு. 2025ல் அமெரிக்காவின் பெரிய துணிக்கடைச் சங்கிலியான ஜோஆன் தன் கடைகளை எல்லாம் மூடியது. வாசலில் பேட்டர்ன் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கிற மேசைகளும் அதோடு போயின.

அன்றைக்கு நான்தான் வெட்டினேன். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கை இரண்டு, கழுத்துப் பட்டி ஒன்று. தோள்பட்டையைச் சேர்ப்பதற்கு முன் அம்மா என் முதுகில் பேட்டர்னை வைத்துப் பார்த்தாங்க. "உனக்குத் தோளு இத்தன இல்ல" என்று இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் பேனாவால் குறித்தாங்க. 59 அளவு எடுத்தவர்கள் விட்டதை ஒரு பார்வையில் பிடித்துவிட்டாங்க. கழுத்துப் பட்டி வந்தபோது மட்டும் இருவரும் முழித்தோம். பட்டி கழுத்தைவிடச் சின்னதாக இருந்தது. தப்பாக வெட்டிவிட்டேனோ என்று பார்த்தால் தாளில் அப்படித்தான். பட்டியை மட்டும் இழுத்து, கழுத்தை இழுக்காமல் சேர்க்க வேண்டும். அப்போதுதான் கழுத்தோரம் படிந்து நிற்கும். "இது எங்க செக்சன் இல்ல," என்றாங்க அம்மா. மூன்று தடவை பிரித்துத் தைத்தோம்.

சைடு அவங்கதான் அடிச்சாங்க. கடைசி சைடு முடிந்ததும் வழக்கம்போல் துணியை இடது பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த பீஸுக்கு வலது கையை நீட்டினாங்க. அடுத்த பீஸ் இல்லை. கை அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க.

மாட்டிக் கையைத் தூக்கினேன். சத்தம் வரவில்லை. கழுத்து கொஞ்சம் கோணல், கீழ்மடிப்பு அதைவிடக் கோணல். அடுத்த நாள் ஆபீஸுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

போன மாதம் நான் வீட்டுக்குப் போனபோது, ஹாலில் அந்த 36 தாள்களும் மறுபடி விரிந்து கிடந்தன. செல்லோடேப் புதுசாக ஒட்டியிருந்தது. பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே பேனாவில் இன்னொரு கோடு, முட்டியில் இருந்து கணுக்கால் வரை நீட்டி இன்னொன்று. பக்கத்தில் மீதித் துணி, அலசிக் காய்ந்து, விரித்து ஓயவைத்தது. அம்மா கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாங்க.

"இதுல ஒரு நைட்டி வரும்ல? கை மட்டும் ரெண்டு இஞ்சு எறக்கிக்கறேன்," என்றாங்க. நான் பதில் சொல்வதற்குள் வெட்டத் தொடங்கிவிட்டாங்க.